கதவைச் சாத்தித் தருபவர்கள்

(புளியஞ்சோலையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறக்கட்டளைக் குழுவினர் தலைப்பை என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். கவனத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்று எழுதி அனுப்பினேன். ஒரு வேலையில் மனம் முழுவதுமாக இறங்கி, அங்கேயே நெடுநேரம் தரித்து நிற்பது எப்படி, நிற்கவிடாமல் இழுப்பவை எவை, அவற்றிடமிருந்து அதைக் காப்பாற்றுவது யார் பொறுப்பு என்பதுதான் பேச்சு. கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம். கவனச் சிதறல் என்றாலே நாம் பிள்ளைகளைப் பார்த்துத்தான் விரலை நீட்டுகிறோம். மனசை அடக்கு, போனைத் தூக்கிப் போடு, உறுதியாக உட்கார் என்கிறோம். சொல்வதில் தவறில்லை. ஆனால் வரலாற்றில் பெரிய காரியம் செய்தவர்களைச் சற்று நெருங்கிப் பார்த்தால், அவர்களுடைய மன உறுதி பாதிக் கதைதான். அவர்கள் உட்கார்ந்திருந்த அறைக் கதவை வெளியே நின்று யாரோ சாத்திக் கொடுத்திருக்கிறார்கள். இன்று அந்த யாரோவைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

இந்தப் பேச்சுக்குப் புளியஞ்சோலையைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. நம் தலைக்கு மேலே நிற்பது கொல்லிமலை. சங்கப் புலவர்கள் திரும்பத் திரும்பப் பாடிய மலை. அந்தப் பாட்டுகளில் வரும் கொல்லிப்பாவையைப் பள்ளிப் பிள்ளைகள்கூட அறிவார்கள். மலைமேல் எட்டுக்கை அம்மனாக மக்கள் கும்பிடுவது அந்தப் பாவையைத்தான் என்று ஒரு நம்பிக்கையும் உண்டு. ஆனால் பாவையைப் பற்றி இரண்டு விதமான செய்திகள் வழங்குகின்றன. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்ப்பவர்கள் குறைவு.

முதலாவது எல்லோருக்கும் தெரிந்த கதை. மலையில் தங்கியிருந்த முனிவர்களுக்குத் தொல்லை கொடுக்க வரும் அரக்கர்களை ஒழிக்கத் தேவர்கள் ஒரு பாவையைச் செய்து நிறுத்தினார்கள். அது வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கும். சிரிப்பைக் கண்டவன் கண்ணை எடுக்க மாட்டான். மயங்கி நின்ற இடத்திலேயே உயிரை விடுவான். பார்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆளை முடிக்கிற பொறி அது.

இரண்டாவது, நற்றிணையில் பரணர் பாடிய ஒரு பாட்டில் இருக்கிறது. அங்கே வரும் பாவை யாரையும் கொல்வதில்லை. காற்று மோதினாலும், மழை கொட்டினாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் தன் வடிவம் கெடாமல் நிற்கிறது. தலைவன் தன் காதலியை அந்தப் பாவைக்கு ஒப்பிடுகிறான். அவள் தன் நெஞ்சை விட்டுப் போக மறுக்கிறாள் என்கிறான். பக்கத்தில் நின்று இடித்துரைக்கும் பாங்கனுக்கு அவன் சொல்லும் பதில் இது. ஒன்றின்மேல் பதிந்த மனம் எப்படி இருக்கும் என்பதற்குத் தமிழில் இதைவிட உறுதியான படம் எனக்குத் தெரியவில்லை.

ஒரே மலை. பார்வையைப் பறிக்கும் பாவையும் இங்கேதான் இருக்கிறது, எது வந்து மோதினாலும் அசையாத பாவையும் இங்கேதான் இருக்கிறது. நம் காலத்துச் சிக்கல் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கிடக்கிறது.

இதே மலையை ஆண்டவன் வல்வில் ஓரி. புறநானூற்றில் வன்பரணர் அவனுடைய வேட்டையைப் பாடியிருக்கிறார். ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைக்கிறது. ஆடிப் பதினெட்டை ஒட்டி மேலே செம்மேட்டில் நடக்கும் விழாவில் இதைப் பேசாத பேச்சாளர் கிடையாது. எல்லோரும் வில்லின் வலிமையைப் பேசுகிறார்கள். எனக்கு அந்தப் பாட்டில் பிடித்த இடம் வேறு. வேட்டை முடிந்தபின் பாணர் கூட்டம் அவனைச் சூழ்ந்துகொண்டு இருபத்தொரு பாடல்துறையையும் முறையாகப் பாடி முடிக்கிறது. அத்தனையையும் அவன் இருந்து கேட்கிறான். தன்னைப் புகழ்கிறார்கள் என்று தெரிந்ததும் நாணுகிறான். அவர்களுக்கு உணவும் கொடுத்து, பொன்னும் மணியும் கொடுத்து அனுப்புகிறான். இருபத்தொன்றையும் இருந்து கேட்பதற்கும் ஒரு வலிமை வேண்டும்.

சரி, ஓரியையும் பாவையையும் பற்றி நாம் எப்படித் தெரிந்துகொண்டோம்? புறநானூற்றை 1894இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்தார். நற்றிணையைப் பின்னத்தூர் அ.நாராயணசாமி ஐயர் உரையெழுதிப் பதிப்பித்தார். அவர்கள் செய்யாமல் விட்டிருந்தால் கொல்லிப்பாவை வாய்மொழிக் கதையாக மட்டும் எஞ்சியிருக்கும். அதனால் ஏடு படிப்பது என்ற வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

பழைய ஓலைச் சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. 'எ', 'ஏ' வேறுபாடு இருக்காது, ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் ஒன்றுதான். காலும் ரகரமும் ஒரே கோடு. சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. எது மூலம், எது உரை என்று பிரித்துக் காட்டும் அடையாளமும் பெரும்பாலும் கிடையாது. எல்லாம் ஒரே ஓட்டமாகப் போகும். ஓரம் முறிந்திருக்கும், பூச்சி அரித்த துளை சரியாக ஓர் எழுத்தின் மேல் விழுந்திருக்கும். ஒரு வரியைப் படிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு மூன்று விதமாக மனத்துக்குள் ஒலித்துப் பார்த்து, எது பொருந்துகிறது, எது யாப்புக்கு ஒத்துவருகிறது, எதை உரையாசிரியர் ஆள்கிறார் என்று மூன்று பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். நடுவில் யாராவது கூப்பிட்டால் அத்தனையும் கலைந்துவிடும், மறுபடி முதல் எழுத்திலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

கும்பகோணம் கல்லூரியில் 1880இல் சாமிநாதையர் வேலைக்குச் சேர்ந்தார். அதே ஆண்டு அக்டோபரில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். முதலியார் சீவக சிந்தாமணியைப் படித்திருக்கிறீர்களா என்று கேட்டது பலரும் அறிந்த செய்தி. அந்தக் கேள்விக்குப் பதிலாகப் பதிப்பு வெளிவந்தது 1887இல். ஏழு ஆண்டுகள். பகலில் வகுப்பு, மற்ற நேரத்தில் சுவடி. அவர் ஒருவராகவே அந்த வேலையைச் செய்துவிடவில்லை. சமண சமயச் செய்திகள் புரியாமல் நின்றபோது கும்பகோணத்துச் சைனக் குடும்பங்கள் தங்கள் வீட்டுக்குள் அவரை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தன. ஒருவர் ஏட்டை வாசிக்க மற்றவர் இன்னொரு படியைப் பார்த்து ஒப்பிட உடனிருந்தவர்கள் உண்டு. ஐயரின் தன்வரலாறான 'என் சரித்திர'த்தைப் படிக்கிற நாம் இந்தத் துணைவர்களின் பெயர்களைத் தாண்டிப் போய்விடுகிறோம். ஐயர் தாண்டவில்லை. ஒவ்வொரு பெயரையும் நன்றியோடு எழுதி வைத்திருக்கிறார்.

இனி, இங்கிருந்து மலையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனால் நாமக்கல். அந்த ஊர் நாமகிரித் தாயாரைத் தன் குலதெய்வமாக வணங்கியவர் கணிதமேதை சீனிவாச இராமானுஜன். 1887 டிசம்பர் 22இல் ஈரோட்டில் பிறந்தார், கும்பகோணத்தில் வளர்ந்தார். ஐயர் சிந்தாமணியை முடித்த ஆண்டும் இராமானுஜன் பிறந்த ஆண்டும் ஒன்றே. எனக்கு இது எப்போதும் மகிழ்ச்சி தரும் ஒற்றுமை.

இராமானுஜன் கல்லூரித் தேர்வில் தேறவில்லை. கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் மனம் ஒட்டவில்லை. கும்பகோணத்தில் உதவித்தொகை போயிற்று, சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் தேர்ச்சி இல்லை. கையில் பட்டமில்லை, வேலையில்லை, 1909இல் திருமணமும் ஆகிவிட்டது. அவரிடம் இருந்தது ஒரு சிலேட்டும் சில நோட்டுப் புத்தகங்களும். காகிதம் வாங்கக் காசு கட்டாது. அதனால் கணக்கைச் சிலேட்டில் போட்டு, முடிவை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்வார். அழிப்பதற்குத் துணியைத் தேடி எடுக்கிற நேரம்கூட அவருக்கு அதிகம். முழங்கையாலேயே துடைப்பார். முழங்கை கறுத்துத் தடித்துப் போயிருந்தது என்று அவரைப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த நாளில் நெல்லூர் கலெக்டராக இருந்தவர் ஆர். இராமச்சந்திர ராவ். கணிதத்தில் ஈடுபாடு உள்ளவர். 1910 கடைசியில் இராமானுஜன் அவரைப் பார்க்கப் போனார். என்ன வேண்டும் என்று ராவ் கேட்டார். ஓய்வு வேண்டும், உழைத்துத் தேட வேண்டிய அவசியமில்லாமல் எளிய சாப்பாடு கிடைக்க வேண்டும், தன் கனவைத் தொடர விட வேண்டும் என்பதுதான் இராமானுஜன் கேட்டதன் சாரம் என்று ராவ் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். மேடைகளில் இராமானுஜனின் தெய்வ அருளைப் பேசுகிறோம், வறுமையைப் பேசுகிறோம். அவர் வாயாலேயே கேட்ட இந்த ஒன்றைப் பேசுவதில்லை. கலைக்கப்படாத பொழுது வேண்டும் என்றுதான் அவர் கேட்டார். ராவ் தன் கைப்பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் அனுப்பத் தொடங்கினார்.

பிறர் தயவில் நெடுநாள் இருக்க இராமானுஜனுக்கு மனமில்லை. 1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகக் கழகத்தில் கணக்கு எழுத்தராகச் சேர்ந்தார், மாதம் 30 ரூபாய். அங்கும் கதவைச் சாத்தித் தர ஆள் இருந்தார்கள். அலுவலக மேலாளர் நாராயண ஐயர் கணிதம் தெரிந்தவர், மாலையில் தன்னோடு உட்காரவைத்துக் கணக்குப் பேசியவர். தலைவர் சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங், இந்த எழுத்தர் ஓய்வு நேரத்தில் பொட்டலக் காகிதத்தில் கணக்குப் போடுவதைக் குற்றமாகப் பார்க்காதவர். ஆனாலும் வேலை வேலைதான். இரவெல்லாம் கணக்கு, விடியற்காலையில் கொஞ்சம் தூக்கம், பிறகு அலுவலகம் என்று உடம்பு எத்தனை நாள் தாங்கும்?

1913இல் ஒரு காரியம் நடந்தது. இங்கிலாந்துக் கணித அறிஞர் ஹார்டிக்கு இராமானுஜன் கடிதம் எழுதியது ஜனவரியில். அடுத்த மாதமே வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தபோது இராமானுஜனின் குறிப்புகளைப் பார்த்துவிட்டு, இந்த மனிதருக்குச் சில ஆண்டுகளாவது வேறு கவலையில்லாமல் கணக்குப் போட வழி செய்யுங்கள் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். ஆராய்ச்சி உதவித்தொகைக்கு முதுகலைப் பட்டம் வேண்டும் என்பது விதி. இராமானுஜனிடம் இளங்கலைகூட இல்லை. சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிக்குழு விதியை ஒதுக்கி வைத்தது. 1913 மே 1 முதல் மாதம் 75 ரூபாய், இரண்டு ஆண்டுக்கு. வகுப்பு எடுக்க வேண்டாம், அலுவலகம் போக வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்ன செய்தேன் என்று அறிக்கை கொடுத்தால் போதும்.

இந்த நிபந்தனையை மாணவர்கள் கவனியுங்கள், நிர்வாகத்தில் இருப்பவர்கள் இன்னும் நன்றாகக் கவனியுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை. இன்றைக்கு நம் ஆசிரியர்களிடம் ஒரே நாளில் எத்தனை விவரம் கேட்கிறோம்? வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் கேட்டுச் செய்தி வரும், பத்து நிமிடத்தில் அனுப்புக என்று. ஒரு மேதைக்கு மூன்று மாதம் தொந்தரவு செய்யாமல் இருந்தது 1913இல் ஒரு பல்கலைக்கழகம். ஒரு கணக்கு ஆசிரியருக்கு நாற்பது நிமிடம் தொந்தரவு செய்யாமல் இருக்க நம்மால் முடியவில்லை. இது எனக்கு உண்மையாகவே கோபம் தருகிறது.

இன்னும் ஒன்று சொல்லாமல் இந்தக் கதையை விட மனம் வரவில்லை. இராமானுஜன் கணக்கில் மூழ்கியிருக்கும்போது எழுந்து சாப்பிடப் போனால் சிந்தனை அறுந்துவிடும் என்று வீட்டுப் பெண்கள் சோற்றைப் பிசைந்து உருட்டி அவர் கையில் வைப்பார்களாம். அவர் மனைவி ஜானகி அம்மாள் 1994 வரை வாழ்ந்தார். இராமானுஜன் 1920இல் மறைந்தபோது அம்மையாருக்கு வயது இருபதைச் சற்றே தாண்டியிருந்தது. பின்னாளில் திருவல்லிக்கேணியில் தையல் தைத்துத் தன் வாழ்வைத் தானே நடத்தினார். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், 1967இல் இராமானுஜனைப் பற்றி எழுதிய நூலில் அந்த அம்மையாரின் நினைவுகளையும் கேட்டுப் பதிந்துவைத்தார். அந்த வீட்டில் ஒருவருடைய கவனம் முழுதாக இருக்க, மற்றவர்களுடைய பொழுது துண்டு துண்டாகிக் கொண்டிருந்தது. அந்தப் பெண்கள் தங்களுக்கென்று ஒரு மணி நேரம் கேட்டிருந்தால் கதவைச் சாத்தித் தர யார் இருந்தார்கள்? இந்தக் கேள்வி இன்றைய நம் வீடுகளுக்கும் உண்டு, பிறகு வருகிறேன்.

இப்போது சிரிக்கிற பாவையிடம், அதாவது நம் காலத்துத் திரையிடம் வருவோம்.

அமெரிக்காவில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் குளோரியா மார்க் என்ற பேராசிரியை நெடுங்காலமாக ஓர் ஆராய்ச்சி செய்துவருகிறார். கணினி முன்னால் வேலை செய்கிறவர்கள் ஒரு திரையில் எத்தனை நேரம் கண்ணை வைத்திருக்கிறார்கள் என்று அளந்தார். 2004இல் சராசரி இரண்டரை நிமிடம். பின்னர் எடுத்த அளவீடுகளில் அது சுமார் 47 விநாடிக்கு இறங்கிவிட்டது. அவர் கண்ட இன்னொன்று இதைவிடக் கவலை தருவது: குறுக்கீடுகளில் ஏறத்தாழப் பாதியை யாரும் வந்து செய்வதில்லை, நாமே செய்துகொள்கிறோம். மணி அடிக்காமலேயே போனை எடுத்துப் பார்க்கிறோம். வெளியிலிருந்து பழக்கியது உள்ளே வந்து குடியேறிவிட்டது.

சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட கட்டுரையில் வேறொன்றைக் காட்டினார். ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவினால் மனம் முழுவதும் கூடவே தாவுவதில்லை, கொஞ்சம் பழைய இடத்திலேயே தங்கிவிடுகிறது, அதனால் புதிய வேலை கெடுகிறது. நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால் ஆராய்ச்சி இல்லாமலேயே சொல்வார்கள், அடுப்பில் பால் இருக்கும்போது கணக்கு எழுத முடியாது என்று.

கைபேசியில் விரலால் தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கிறதே, அந்த அமைப்பை 2006இல் வடிவமைத்தவர் அசா ராஸ்கின். பக்கம் முடிந்தால் மனிதன் ஒரு கணம் நிற்பான், எழுந்து போகலாமா என்று யோசிப்பான். அந்த நிறுத்தத்தை எடுத்துவிட்டார்கள். ராஸ்கினே பின்னால் அதற்காக வெளிப்படையாக வருந்தினார். அடுத்தது என்ன வரும் என்று தெரியாது, நல்லதாக வந்தாலும் வரும் என்ற எதிர்பார்ப்பு விரலை விடாது. எப்போதாவது மட்டும், அதுவும் கணக்கில்லாமல் பரிசு கிடைத்தால் உயிர்கள் அந்தச் செயலை விடாமல் செய்துகொண்டே இருக்கும் என்பதை உளவியலார் ஸ்கின்னர் புறாக்களை வைத்து முன்பே காட்டியிருக்கிறார். செய்தி பெருகப் பெருக அதைக் கொள்ளும் கவனம் அருகிப்போகும் என்று பொருளியல் நோபல் பெற்ற ஹெர்பர்ட் சைமன் 1971லேயே எச்சரித்தார். அருகிப்போன பொருளுக்கு விலை ஏறும். நம் பிள்ளைகளுடைய கண் பார்வை இன்று விளம்பரக்காரர்களுக்கு விற்கப்படும் சரக்கு. எதிர்ப்பக்கம் ஆயிரக்கணக்கான பொறியாளர்களும் கணினிகளும் உட்கார்ந்திருக்க, இந்தப் பக்கம் பதினைந்து வயதுப் பையன் தனியாக நிற்கிறான். அவனிடம் போய் மன உறுதி வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது நியாயமா?

இங்கே ஒரு மறுப்பு எழும், எழ வேண்டும். ஒரே நேரத்தில் பல காரியம் பார்ப்பது தமிழனுக்குப் புதிதா, அட்டாவதானிகளும் சதாவதானிகளும் இருந்த நாடாயிற்றே என்பார்கள். 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலில் நாகர்கோவில் இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் நூறு அவதானம் செய்து காட்டினார். வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பவர் ஒருவர், கணக்குக் கேட்பவர் ஒருவர், முதுகில் விழும் பூவையோ கல்லையோ எண்ணச் சொல்பவர் ஒருவர், மணி அடிப்பவர் ஒருவர் என்று அவதானக் கலையின் முறை போகும். கேட்கும்போது சிதறல்போலத்தான் தோன்றும். நின்று பார்த்தால் அப்படி இல்லை. கேள்விகள் முறை வைத்து வருகின்றன. சபை அமைதியாக இருக்கிறது. அவதானி ஒன்றைக் கேட்டு முழுவதும் வாங்கி, மனத்தில் ஓர் இடத்தில் வைத்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறார். எதையும் கைநழுவ விடாதவருக்குத்தான் அது கைகூடும். அந்த ஒரு பொழுதுக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கான பாடமும் மனனமும் இருக்கின்றன. பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு ரீல்ஸ் பார்க்கிற பிள்ளையின் மனத்தில் எதுவும் எந்த இடத்திலும் வைக்கப்படுவதில்லை. அவதானத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் அது நம் பக்கம்தான் சாட்சி சொல்லும்.

இன்று காலை இங்கே ஆற்றோரமாக நடந்தேன். மேலே ஆகாய கங்கையாக விழும் ஐயாறு இங்கே பாறைகளுக்குள் நுழைந்து நுழைந்து வருகிறது. அருவிக்கும் அறப்பளீசுவரர் கோயிலுக்கும் ஏறிப்போகும் பழைய காட்டுப்பாதை ஆற்றைக் குறுக்கே கடக்கும் ஓர் இடத்தில், மலைக்காரர் ஒருவர் வாழைத்தார்ச் சுமையோடு இறங்கி வந்தார். தலையில் சும்மாடு, அதன்மேல் இரண்டு தார். கண் அடுத்த கல்லில் இருந்தது. பாசி படிந்த கல்லைத் தவிர்த்து, சொரசொரப்பான கல்லில் முன்பாதத்தை வைத்து, அழுத்திப் பார்த்து, பிறகுதான் மற்றக் காலை எடுத்தார். எதிரே இரண்டு பேர் ஏறி வந்தார்கள். தெரிந்தவர்கள்தான். கூப்பிடவில்லை, கையாட்டவும் இல்லை. ஓரமாக ஒதுங்கி நின்று, அவர் ஆற்றைக் கடந்து சுமையைப் பாறைமேல் இறக்கிய பின்புதான், "எப்பண்ணே கெளம்புனீங்க?" என்று பேச்சைத் தொடங்கினார்கள்.

சுமையோடு கல் தாண்டுகிறவனைக் கூப்பிடக் கூடாது என்பது அந்தப் பாதையில் நடப்பவர்களுக்குத் தெரிந்த மரியாதை. யாரும் பலகையில் எழுதி வைக்கவில்லை. இதே மரியாதையை நாம் படிக்கிற பிள்ளைக்குக் கொடுக்கிறோமா? பிள்ளை புத்தகத்தோடு உட்கார்ந்ததும்தான் நமக்குத் தீப்பெட்டி வாங்கிவர நினைவு வருகிறது. அதிலும் பெண் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். அண்ணன் படிக்கும்போது டிவி சத்தத்தைக் குறைக்கிற வீட்டில், தங்கை படிக்கும்போது தண்ணீர் பிடிக்க, தம்பியைத் தூக்க, வந்தவருக்கு டீ போட என்று நாலு தடவை எழுப்புகிறார்கள். பத்து நிமிடமாக ஆறு துண்டு சேர்த்தால் ஒரு மணி நேரம் ஆகாது. மனம் இறங்குவதற்குள் எழுந்துவிட வேண்டியிருக்கிறது. பிறகு பரீட்சையில் மதிப்பெண் குறைந்தால் பெண்ணுக்குக் கணக்கு வராது என்கிறோம்.

இந்த வேலைக்குச் செலவு அதிகமில்லை, பழக்கம்தான் மாற வேண்டும். வீட்டில் ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் படிப்பவரை யாரும் கூப்பிடுவதில்லை என்று பெரியவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். போன் படிப்பவர் கைக்கு எட்டாத தூரத்தில், முடிந்தால் அடுத்த அறையில் இருக்கட்டும். கவிழ்த்து வைத்தால் போதாது. பெரியவர்களின் போனும் அதே இடத்தில் இருக்கட்டும். அப்பா ரீல்ஸ் பார்த்துக்கொண்டே மகனைப் படி என்றால் மகன் அப்பாவின் சொல்லைக் கேட்க மாட்டான், செயலைப் பார்ப்பான். பள்ளியில் நாளுக்கு ஒரு பாடவேளையாவது இரட்டைப் பாடவேளையாக, மணி அடிக்காமல், ஒலிபெருக்கி அறிவிப்பு இல்லாமல், சுற்றறிக்கை வராமல் இருக்கட்டும். ஒரு கடினமான கணக்கை முழுதாக நாற்பது நிமிடம் முயன்று விடை வராமல் போன பிள்ளைகூட, விடையைப் பார்த்து எழுதிய பிள்ளையைவிட முன்னே போயிருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

ஆனால் ஒரே அறையுள்ள வீடு என்ன செய்யும்? அங்கே அடுத்த அறை ஏது? எட்டாத தூரம் ஏது? மலையடிவாரத்திலும் மலைமேலும் பல வீடுகள் அப்படித்தான். இங்கேதான் மீண்டும் ரங்கநாதனிடம் போகிறேன். சீர்காழிக்காரர், கணக்கு வாத்தியாராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். 1931இல் அவர் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பது. அதே 1931இல் மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டு வண்டியில் நூலகம் கிராமம் கிராமமாகப் போயிற்று. 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்ததற்கும் அவர் உழைப்பு ஒரு பெரிய காரணம். நூலகம் என்றால் நாம் புத்தகத்தை நினைக்கிறோம். ஒரே அறை வீட்டுப் பிள்ளைக்கு நூலகத்தில் புத்தகத்தைவிடப் பெரிதாகக் கிடைப்பது, யாரும் எழுப்பாத ஒரு நாற்காலி.

ஆகவே, அறக்கட்டளைக் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு என்னைப்போல இன்னொருவரை அழைத்துச் சால்வை போட்டு, மாலை போட்டுச் செலவு செய்ய வேண்டாம். அந்தப் பணத்தில் இந்த அடிவாரத்தில் ஒரு படிப்பகம் தொடங்குங்கள். மாலை ஆறு முதல் ஒன்பது வரை. நல்ல வெளிச்சம், சாய்ந்து உட்கார நாற்காலி, குடிக்கத் தண்ணீர், தனியாகக் கழிப்பறை. வாசலில் எண் போட்ட அறைகளோடு ஒரு மர அலமாரி, போனை அதில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். படிப்பகப் பொறுப்பாளரும் வைக்க வேண்டும், பார்வையிட வரும் தலைவரும் வைக்க வேண்டும். மின்சாரம் போனால் உடனே எரிய ஒரு இன்வெர்ட்டர்.

எல்லாவற்றையும்விட முக்கியம், பெண் பிள்ளைகள் வர வேண்டும். ஆறு மணிக்கு வருவதும் சிரமம், ஒன்பது மணிக்குத் திரும்புவது அதைவிடச் சிரமம். அவர்களை வீடு வரை கொண்டுபோய் விட ஊரில் நம்பிக்கையான பெண்மணிகள் இருவர் முறை வைத்து வர வேண்டும், அவர்களுக்கு மாதச் சம்பளம் இந்த அறக்கட்டளையிலிருந்தே போக வேண்டும். அந்த நேரத்தில் வீட்டில் தண்ணீர் பிடிப்பதும் தம்பியைப் பார்ப்பதும் யார் என்ற கேள்விக்கு அப்பாக்களும் அண்ணன்களும் பதில் சொல்ல வேண்டும். இங்கே முன்வரிசையில் அப்பாக்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு நோட்டு இருக்கும். மகளை அனுப்புகிறேன், அந்த மூன்று மணி நேரம் வீட்டு வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். எத்தனை கையெழுத்து விழுகிறதோ அத்தனை நாற்காலிக்குக் குழுவினர் ஏற்பாடு செய்யட்டும். எனக்குக் கொடுத்த சிறப்பூதியத்தை முதல் மாதச் சம்பளக் கணக்கில் சேர்க்கும்படி தலைவரிடம் கொடுத்துவிட்டேன்.